‘அதை விடுங்கள்’ என்று எழுதிய இடத்தில்…

அன்புள்ள மேடம்,

ஸ்தோத்திரம். என் வயது 39. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பெயரும் ஊரும் போட வேண்டாம். சபையில் யாராவது படித்தால் நான்தான் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டில் மெஷின் போட்டு பிளவுஸ், ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறேன். என் கணவருக்கு எலக்ட்ரிக்கல் கடை. கல்யாணமாகி பதினாறு வருடம். மகள் ஒன்பதாவது, மகன் மூன்றாவது படிக்கிறார்கள்.

எங்கள் சபை கொஞ்சம் கண்டிப்பான சபை. நகை போட மாட்டோம், பூ வைக்க மாட்டோம், வீட்டில் டி.வி. கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலைதான். வெளியே இருப்பவர்களுக்கு இதெல்லாம் கஷ்டமாகத் தெரியும். எனக்கு ஒருநாளும் கஷ்டமாக இருந்ததில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பத்திரிகைக்கு எழுதினால் எடுத்த எடுப்பில் ‘சபையை விட்டு வெளியே வா’ என்று சொல்லிவிடுவார்கள் என்று என் தங்கை சொன்னாள். அதை மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சபை இல்லாவிட்டால் எங்கள் குடும்பமே இருந்திருக்காது. என் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார்கள். நான் ஏழாவது படிக்கும்போது, அப்போதிருந்த பழைய பாஸ்டர் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு சைக்கிளில் வந்து அப்பாவோடு திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். பெரிதாக ஒன்றும் பேசக்கூட மாட்டார். பிராந்திக் கடை அடைக்கிற நேரம் வரை எழுந்து போக மாட்டார், அவ்வளவுதான். ஒரு வருடத்துக்கு மேல் அப்படி வந்தார். அப்பா குடியை விட்டார்கள். அம்மா இன்றைக்கும் வருடத்துக்கு ஒருமுறை சபையில் எழுந்து ‘நான் பொறுத்தேன், கர்த்தர் மாற்றினார்’ என்று சாட்சி சொல்வார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

என் கணவர் குடிப்பதில்லை. பீடி, சிகரெட் கிடையாது. சபையில் மூப்பர். குடித்துவிட்டு அடித்தால் குடியைக் குறை சொல்லலாம். இவர் குடும்ப ஜெபம் முடித்து, பைபிளை மூடி அலமாரியில் வைத்துவிட்டு அடிக்கிறார்.

ஆனால் நான் எழுத வந்தது அடியைப் பற்றி இல்லை. அது பழகிவிட்டது. சபை எனக்குச் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. திருவிருந்து நாளன்று என்னைத் தாண்டிப் போகிறார்கள் மேடம். அப்பமும் இல்லை, பாத்திரமும் இல்லை. ஐந்து மாதமாகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். போன செப்டம்பரில் அடித்ததில் இடது காது அடைத்துவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குப் போனேன், மகள்தான் கூட வந்தாள். எப்படி ஆயிற்று, ஏ.ஆர். (போலீசுக்குப் போகிற காயப் பதிவு) போடவா என்று டாக்டர் கேட்டார். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். இன்னும் அந்தக் காதில் இரைச்சல் இருக்கிறது. அதற்கப்புறம்தான் முதல்முறையாக பாஸ்டரம்மாவிடம் அழுதேன். பாஸ்டர் ஐயா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். என் கணவர் முழங்காலில் நின்று குழந்தை மாதிரி அழுதார். ஐயா எங்கள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்து ஜெபித்தார். எனக்கும் மனசு இளகிவிட்டது. அக்டோபரில் ஒரு ஞாயிறு, ‘சாட்சி சொல்லிவிடு, அப்போதுதான் பிசாசு திரும்பி வர மாட்டான்’ என்று பாஸ்டரம்மா சொன்னதால், கர்த்தர் எங்கள் குடும்பத்தில் சமாதானம் தந்தார் என்று சபைக்கு முன்னால் சாட்சி சொன்னேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். பத்து நாள் நன்றாக இருந்தது. பதினோராவது நாள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது.

இதற்கு நடுவில் ஞாயிறு பள்ளி டீச்சர் வேறு. ஊர்க்கதை பேசுவதே அவளுக்கு வேலை. நவம்பரில் என் மகளிடம் ‘உங்கள் வீட்டில் இப்போ சமாதானம்தானே’ என்று வாயைக் கிண்டியிருக்கிறாள். இவளும் ‘இல்லை டீச்சர், அப்பா இன்னும் அடிக்கிறாங்க’ என்று சொல்லிவிட்டாள். அது பாஸ்டர் வரைக்கும் போய், என்னையும் பிள்ளையையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் சாட்சி சொல்லி ஒரு மாதம்கூட முடியவில்லை, என்ன செய்வேன்? பிள்ளை பழைய ஞாபகத்தில் பெரிதாக்கிச் சொல்லிவிட்டது என்று சமாளித்து, அவளை மன்னிப்புக் கேட்க வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். அதிலிருந்து அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை, வயசு அப்படி. போன வாரம் தலை பின்னும்போது பார்த்தேன், மேல்கையில் கன்றிப்போய் நாலு கோடு மாதிரி இருந்தது. கேட்டால் ‘பாத்ரூமில் வழுக்கிட்டேன்மா’ என்றாள். ஸ்கூலில் பி.டி. பீரியடில் எங்கேயாவது பட்டிருக்கும். அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது, அந்த டீச்சர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

டிசம்பரில் நானே மறுபடியும் பாஸ்டரிடம் போனேன். ‘போன மாதம் நீங்கள்தானே ஒன்றுமில்லை என்றீர்கள், மன்னித்ததை ஏன் தோண்டுகிறீர்கள்’ என்றார். நான் விவாகரத்து கேட்கவில்லை. ஆனாலும் ‘தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்’ என்ற வசனத்தை வாசித்துக் காட்டினார். ஜனவரியில் கோயம்புத்தூரிலிருந்து வந்த என் தங்கைதான் பிடிவாதமாக மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். மனு வாங்கி சி.எஸ்.ஆர். (மனு வாங்கியதற்கான ரசீது) கொடுத்தார்கள். அன்று ராத்திரியே பாஸ்டரும் இரண்டு மூப்பர்களும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பரிசுத்தவான்களிடம் கொண்டுவராமல் அநீதக்காரரிடத்தில் கொண்டுபோனது பாவம் என்றார்கள். மறுநாள் ஸ்டேஷனில் சமாதானமாகப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை, சபைக்கு நிந்தை கொண்டுவந்ததால் திருவிருந்து எடுக்கக் கூடாது, பாட்டு நடத்தக் கூடாது. பதினோரு வருடம் நான் பாட்டு நடத்தினேன். என் டேம்பரினை இப்போது வேறொரு பெண் வைத்திருக்கிறாள். அவர் மனந்திரும்பிவிட்டாராம், அதனால் அவருக்குத் தடை இல்லை. மூப்பர் என்பதால் பாத்திரங்கள் வைத்த தட்டை அவர்தான் வரிசையாகக் கொண்டுவருகிறார். அடித்த கையில் தட்டு இருக்கிறது, அடி வாங்கியவளைத் தாண்டிப் போகிறது. பாயில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. மாமியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். என் அம்மாவே ‘நான் பொறுத்தேன், நீ பொறுக்கவில்லை’ என்கிறார்கள்.

பாஸ்டரிடம் எப்படிப் பேசினால் அவர் என்னைப் புரிந்துகொள்வார்? மன்னிப்புக் கேட்டுவிட்டால் திருவிருந்து கொடுப்பார்களா, கேட்டுவிடலாமா? வீட்டில் தனியாக இருக்கும்போதுகூட இப்போது பாட்டு வர மாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
பெயர் வேண்டாத ஒரு சகோதரி

•

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ‘அதை விடுங்கள்’ என்று எழுதியிருந்த இடத்தில் நின்றுவிட்டேன். மீதியை அப்புறம்தான் படித்தேன். பாஸ்டரைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் கையைப் பற்றிப் பேச வேண்டும்.

பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் முழங்கையில் அடிபடும், இடுப்பில் அடிபடும், உள்ளங்கை சிராய்க்கும். மேல்கையில் கோடு கோடாகக் கன்றுவது பெரும்பாலும் யாரோ இறுக்கிப் பிடிக்கும்போதுதான். நீங்கள் தையல் தெரிந்தவர். கைச்சுற்றளவை டேப் வைக்காமலே சொல்லிவிடுகிற கண் உங்களுக்கு இருக்கும். நாலு கோடு என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். எண்ணிவிட்டு, அடுத்த வரியிலேயே பி.டி. பீரியட் என்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்ததைத் தாங்க முடியாமல் டீச்சரின் முகத்துக்குப் போய்விட்டீர்கள்.

‘பாத்ரூமில் வழுக்கிட்டேன்மா.’ அது உங்கள் வாக்கியம். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் நீங்கள் சொன்னதை, பக்கத்தில் நின்று கேட்டவள் உங்களிடமே திருப்பிச் சொல்லியிருக்கிறாள். மறைக்க வேண்டுமென்று மட்டும் நினைத்திருந்தால் பஸ்ஸில் இடித்தது, கதவில் பட்டது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் அவளுக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். நேராகச் சொன்னால் என்ன ஆகும் என்று நவம்பரில் பார்த்துவிட்டாள். அதனால் இந்த வழியில் சொல்லியிருக்கிறாள்.

யார் பிடித்த கை என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. அப்பாவாக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். அவளாகச் சொல்கிறவரை நீங்களும் முடிவு கட்டாதீர்கள். ஆனால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது கொஞ்சம் கடுமையாக ஒன்று சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நீங்கள் சொன்னீர்கள். சபையின் பெயர் கெடும் என்று உங்களை வாய் மூடச் சொன்னார்கள். கடைசியில் நிந்தை கொண்டுவந்தவள் நீங்கள் என்று ஆக்கிவிட்டார்கள். உங்கள் மகளும் நடந்ததைத்தான் சொன்னாள். நீங்கள் சொன்ன சாட்சி கெடும் என்று அவள் வாயை மூடினீர்கள். கடைசியில் மன்னிப்புக் கேட்டவள் அவள். சபை உங்களுக்குச் செய்ததும் நீங்கள் அவளுக்குச் செய்ததும் ஒன்றேதான். உங்களை இடித்துக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஐந்து மாதமாக நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருக்கிறது அல்லவா உங்களுக்கு? அதற்கும் இரண்டு மாதம் முன்பிருந்தே, அதே கல்லோடு ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை உங்கள் வீட்டிலேயே நடமாடிக்கொண்டிருக்கிறாள்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. அத்தனை பேர் அல்லேலூயா சொன்ன சாட்சியை ஒரு மாதத்தில் ‘பொய்’ என்று எழுந்து சொல்ல யாருக்கும் தைரியம் வராது. அந்தச் சாட்சியை உங்களிடம் அவ்வளவு அவசரமாக வாங்கியதே தப்பு. மனந்திரும்பினேன் என்று ஒருவர் அழுதால், அது உண்மையா என்று காலம்தான் காட்ட வேண்டும். ஒரு வாரக் கண்ணீரை வைத்து அடிபட்டவளைச் சாட்சி சொல்ல வைத்தால், அதற்கப்புறம் விழுகிற ஒவ்வொரு அடியையும் அவள்தான் மறைத்தாக வேண்டும். உங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தவள் நான். வேத வகுப்பில் கேட்டவை சில இன்னும் ஞாபகம் இருக்கின்றன. இரண்டு மூன்று சாட்சிகளுடைய வாக்கினால் காரியம் நிலைவரப்பட வேண்டும் என்று உபாகமத்தில் வரும். கண்டிப்பான சபைகள் பல, குடும்பத்துக்குள் நடக்கும் கொடுமையை இந்த அளவுகோலை வைத்தே அளக்கின்றன. யெகோவாவின் சாட்சிகள் சபையை ஆஸ்திரேலிய அரசின் விசாரணை ஆணையம் 2015இல் விசாரித்தது. குழந்தைகளைப் பாலியல் கொடுமை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட 1,006 பேரைப் பற்றி, 1950 முதலான குறிப்புகள் அந்தச் சபையின் சொந்தக் கோப்புகளிலேயே இருந்தன. அதில் ஒருவரைப் பற்றிக்கூட சபை போலீசுக்குச் சொன்னதில்லை. குற்றம் செய்தவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் இரண்டு சாட்சி வேண்டும் என்பது அங்கே விதி. நாலு சுவருக்குள் நடப்பதற்கு இரண்டாவது சாட்சி எங்கிருந்து வரும்?

உங்கள் வீட்டில் இரண்டு சாட்சிகள் இருந்தார்கள். ஒன்று நீங்கள், இன்னொன்று உங்கள் மகள். நவம்பரில் நீங்களே ஒரு சாட்சியைக் கலைத்தீர்கள். டிசம்பரில் தனியாகப் போய் நின்றபோது பாஸ்டர் அதையே எடுத்து உங்களிடம் நீட்டினார். அவர் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. காதில் இரைச்சலோடு ஒரு பெண் வந்து நிற்கும்போது பழைய வாக்குமூலத்தைப் புரட்டிக்கொண்டிருப்பது மேய்ப்பன் செய்கிற வேலை இல்லை. ஆனால் என்னை ஏன் யாரும் நம்பவில்லை என்று கடிதம் முழுக்கக் கேட்டிருக்கிறீர்கள். உங்களை நம்பியிருக்கக்கூடிய ஒரே ஆள் வீட்டில் இருக்கிறாள்.

சபையை விட்டு வெளியே வரச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டீர்கள். சொல்லவில்லை. நீங்கள் எழுதிய அந்தப் பழைய பாஸ்டர் கதைக்குப் பிறகு சொல்ல மனமும் வரவில்லை. அம்மா பொறுத்தார்கள், கர்த்தர் மாற்றினார் என்று அந்தக் கதையைச் சுருக்கிச் சொல்லிச் சொல்லி, நடுவில் திண்ணையில் ஒரு மனிதர் ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது விட்டுப்போயிற்று. உங்கள் அப்பா குடியை விட்டதற்குப் பொறுமை காரணமென்றால் அது அந்த மனிதருடைய பொறுமையும்தான். அன்றைக்குச் சபை அடிக்கிறவர் பக்கத்தில் போய்க் காவலுக்கு உட்கார்ந்தது. சாயங்காலமானால் அவர் எங்கே போகிறார் என்று பார்த்தது. இன்றைக்கு உங்களைக் காவல் காக்கிறது. நீங்கள் எங்கே போனீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்று பார்க்கிறது. உங்கள் கணவர் அழுது முடித்த மறுநாளிலிருந்து எத்தனை மூப்பர்கள் ராத்திரி ஜெபம் முடிகிற நேரத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள்? சி.எஸ்.ஆர். வாங்கிய அன்று ராத்திரி மட்டும் மூன்று பேர் வந்தார்கள். அதனால் அம்மா ‘நீ பொறுக்கவில்லை’ என்று சொல்லும்போது கூனிக்குறுகாதீர்கள். அம்மாவுக்குக் கிடைத்த உதவி உங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஸ்டேஷனுக்குப் போனது பாவம் என்ற பேச்சுக்கு வருகிறேன். அநீதக்காரரிடத்தில் வழக்கைக் கொண்டுபோகக் கூடாது என்ற அந்த வசனத்தை எழுதியவர் பவுல். அதே பவுலை வாரினால் கட்டி அடிக்கப்போனபோது, ‘ரோமனும் நியாயம் விசாரிக்கப்படாதவனுமாயிருக்கிற மனுஷனை அடிக்கிறது உங்களுக்கு நியாயமா’ என்று சட்டத்தைச் சொல்லித் தடுத்தார். அப்புறம் ‘இராயனுக்கு அபயமிடுகிறேன்’ என்று ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடும் செய்தார். அடி விழும்போது சட்டத்தைக் கூப்பிடலாம் என்பது உங்கள் வேதத்திலேயே இருக்கிறது. ‘தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்’ என்ற மல்கியா வசனத்தையும் இன்றைக்கு முழுதாக வாசித்துப் பாருங்கள். அடுத்த வரியில் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனைப் பற்றி வருகிறது. அங்கே கண்டிக்கப்படுவது மனைவிக்குத் துரோகம் செய்கிற புருஷன்.

பாயில் உங்கள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அதே ஆய்வின்படி நாடு முழுக்க அடிபட்ட பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் 100க்கு 14 பேர்தான். உங்கள் சபையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருப்பவர்களில் வேறு யாருக்கும் இது நடக்கவில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. உங்களை விட்டுத் தள்ளி உட்காருகிறவர்களில் ஓரிருவர் வெறுப்பினால் தள்ளி உட்காரவில்லை, பயத்தினால்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த டீச்சரையும் இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள். பிள்ளையிடம் விசாரித்து, பிள்ளை சொன்னதை மேலே கொண்டுபோனவள் அவள் ஒருத்திதான். எந்த எண்ணத்தில் செய்தாளோ, செய்தது சரியான காரியம். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு நவம்பரில் நீங்கள் சொன்ன பதிலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததால் கதவு மூடிவிடவில்லை, புதிதாக மனு கொடுக்கலாம். போலீஸ், ஜெயில் என்று பயமாக இருந்தால் 2005ஆம் வருட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் போங்கள். அடிக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கலாம். நீங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. தேவைப்பட்டால் அவரையே வெளியே தங்கச் சொல்லவும் அதில் வழி இருக்கிறது. அந்த உத்தரவை மீறினால்தான் அந்தச் சட்டத்தில் கைது, தண்டனை. பிள்ளைகளுக்கும் அதில் பாதுகாப்பு கேட்கலாம். மாவட்ட சமூக நலத்துறையில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், மனு எழுதித் தருவது அவர் வேலை. கோர்ட் இழுக்கும், நாள் ஆகும், அதைத் தெரிந்துகொண்டே போங்கள். உதவிக்கு போன் செய்ய 181 பெண்களுக்கு, 1098 குழந்தைகளுக்கு. இரண்டிலும் ராத்திரியிலும் எடுப்பார்கள். 1098ஐ மகள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். தம்பிக்கும் அவளே சொல்லிக் கொடுக்கட்டும். தங்கையை ஒரு வாரம் வந்து தங்கச் சொல்லுங்கள், அல்லது பிள்ளைகளோடு நீங்கள் போங்கள். டாக்டரிடம் உங்கள் காதைக் காட்டுங்கள், அவள் கையையும் காட்டுங்கள். இந்த முறை நடந்ததைச் சொல்லி ஏ.ஆர். போடச் சொல்லுங்கள். அவள் சொல்லப்போவது அடியைத் தாண்டிய வேறு விஷயமாக இருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012ஆம் வருட போக்சோ சட்டப்படி அதை போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிய வருகிற எல்லோருக்கும் கட்டாயம், பாஸ்டருக்கும் சேர்த்துத்தான்.

திருவிருந்துக்காக மன்னிப்புக் கேட்கலாமா என்று கேட்டீர்கள். சபையிடம் நீங்கள் கேட்க வேண்டிய மன்னிப்பு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐந்து மாதமாகத் தட்டு உங்களைத் தாண்டிப் போவது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும், அதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டிய தப்பு அது. அதற்காக பாஸ்டர் வாசலில் காத்திருக்கிற நேரத்தை இப்போதைக்கு மகளுக்குக் கொடுங்கள். மன்னிப்பு கேட்க வேண்டியது அவளிடம்தான்.

எப்படிக் கேட்பது என்றால், உட்கார வைத்து முகத்தைப் பார்த்து விசாரிக்க வேண்டாம், மறுபடியும் பாஸ்டர் அறை மாதிரி ஆகிவிடும். அடுத்த தடவை தலை பின்னும்போது சொல்லுங்கள். அவள் முதுகு உங்கள் பக்கம் இருக்கும், அவளுக்கும் அது சுலபம், உங்களுக்கும் சுலபம். ‘நவம்பரில் நீ சொன்னது உண்மை. நான்தான் பொய் சொன்னேன்’ என்று சொல்லுங்கள். அதற்குமேல் விளக்கம் வேண்டாம். அப்பா பாவம், சபை என்ன நினைக்கும், நீ ஜெபித்துக்கொள் என்பதெல்லாம் வேண்டாம். ‘ஆஸ்பத்திரியில் நான் வழுக்கி விழுந்ததாகச் சொன்னதும் பொய்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கையைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள், அவளே வருவாள். அன்றைக்கே வராமலும் போகலாம், ‘சரிம்மா’ என்று ஒற்றை வார்த்தையோடு முடித்துவிடலாம். பின்னி முடித்து ரப்பர் பேண்ட் போட்ட பிறகும் எழுந்துவிடாதீர்கள். மெஷினில் தைக்க எத்தனை யூனிஃபார்ம் கிடந்தாலும் கிடக்கட்டும். அந்தப் பாஸ்டர் உங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்த மாதிரி, ஒன்றும் பேசாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். மறுநாளும் உட்காருங்கள்.